அரிதாரமும் கறுப்பு அங்கியும்

வரலாற்றுத் தொடர் – 5

சென்ற வாரம் பம்மல் சம்பந்தத்தைச் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனோம். ஆண்டு 1891. பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவன். தந்தை விஜயரங்க முதலியார் பள்ளிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். ஊரில் மரியாதைப்பட்ட குடும்பம். ஆங்கில நாடகங்களைப் படித்து ருசி கண்ட பிள்ளைக்குத் தமிழ் நாடகம் என்றாலே இளக்காரம். அப்படிப்பட்டவன் பெல்லாரியிலிருந்து வந்த ஒரு தெலுங்குக் குழுவின் நாடகம் பார்க்க வந்திருக்கிறான். படுதா தூக்கப் போகிறார்கள்.

தூக்கட்டும். அதற்குள் அந்த இளக்காரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட வேண்டும். அது தெரியாமல் இந்தக் கதை விளங்காது.

இந்தத் தொடரை நான் அடி அண்ணாமலையிலிருந்து எழுதுகிறேன். திருவண்ணாமலை கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் நடந்தவர்களுக்குத் தெரியும்: மலையின் மேற்குப் பக்கம் வரும்போது கால் கெஞ்ச ஆரம்பிக்கும், அப்போது இந்த ஊர் வரும். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கேதான். மாணிக்கவாசகருக்கும் தனியாக ஒரு கோயில் இருக்கிறது. திருவெம்பாவை பிறந்த இடம் இதுதான் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. மார்கழியில் அந்த இருபது பாட்டையும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே எழுந்திருக்கிற ஊர் இது.

அந்தப் பாட்டுகளை ஒரு நாடகக்காரனின் காதோடு கேட்டுப் பாருங்கள். விடியற்காலை. ஒரு வீட்டு வாசலில் பெண்கள் கூட்டமாக நின்று உள்ளே தூங்குகிறவளைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவதோடு நிற்கவில்லை; கேலி செய்கிறார்கள், நேற்று நீ சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். உள்ளே இருப்பவள் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறாள். வெளியிலிருந்து அதற்கும் பதில் வருகிறது. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு குரல், அந்தப் பக்கம் ஒரு குரல். இதை எழுதியவர் பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர். ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர் பெண்களின் குரலை ஏற்று, பெண்களாகவே பேசியிருக்கிறார். அவரைக் கோயில் கட்டிக் கும்பிட்டோம்.

வேஷம் கட்டி அதே வேலையைச் செய்தவனையோ 'கூத்தாடி' என்றோம். அந்தச் சொல் வசவாகவே புழங்கியது. 'கூத்தாடிக்குப் பெண் கொடுப்பாயா?' என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அந்தக் கூத்தாடி என்ன செய்தான்? பங்குனியில் ஆரம்பித்து ஆனி வரை திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. மரக்கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டும் மார்ப்பதக்கமும் கட்டிக்கொண்டு துரியோதனன் களரிக்கு வருவான். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். முதலில் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும். முகவீணை ஒரு இழுப்பு இழுக்கும். திரை விலகுவதற்குள் முன்வரிசைப் பிள்ளைகள் தாயின் மடிக்குள் போய்விடுவார்கள்.

கடைசி நாள் காலை படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் உருவம் மைதானம் முழுக்க மல்லாந்து கிடக்கும். இரவெல்லாம் கூத்தாடிய பீமனும் துரியோதனனும் விடிந்த பிறகும் அதைச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழும். பாஞ்சாலி வேஷக்காரர் கூந்தலை முடிந்துகொள்வார். அந்த நேரத்தில் அங்கே நிற்கும் பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். நாடகம் பார்க்கிற முகம் அல்ல அது. தங்கள் வீட்டு வழக்கு ஒன்று தீர்ந்ததுபோல் நிற்பார்கள்.

இதைத்தான் 1891-இன் படித்த சென்னை இளக்காரமாகப் பார்த்தது. சம்பந்தமும் அப்படியே பார்த்தார். பிற்காலத்தில் 'நாடக மேடை நினைவுகள்' எழுதியபோது தமது இளவயது வெறுப்பை அவர் ஒளிக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லி இன்று ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வெறுப்பு அவரோடு நிற்கவில்லை. தமிழ் மேடையின் தலையெழுத்தில் ஒரு கோடு போட்டுவிட்டது. அந்தக் கோடு எங்கே போய் முடிந்தது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது படுதா தூக்கட்டும்.

✦

மேடையில் தெலுங்கு. நடத்துகிறவர் தர்மவரம் கிருஷ்ணமாசார்லு. குழு, பெல்லாரி சரச வினோதினி சபை. கிருஷ்ணமாசார்லு பின்னாளில் ஆந்திர நாடகப் பிதாமகர் என்று பெயர் வாங்கப் போகிறவர். நாடகம் எழுதுவது அவர், பயிற்சி கொடுப்பது அவர், வேஷம் கட்டி மேடை ஏறுவதும் அவர்.

சம்பந்தத்தின் மனத்தை அடித்தது நடிப்பு மட்டும் அல்ல. கிருஷ்ணமாசார்லு ஒரு வக்கீல்! அவரோடு மேடையில் நின்றவர்களும் படித்தவர்கள், உத்தியோகம் பார்க்கிறவர்கள். வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர்கள் இல்லை. பகலில் கறுப்பு அங்கி, இரவில் அரிதாரம். இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்று அந்தப் பிள்ளைக்கு அதுவரை யாரும் காட்டியதில்லை.

தெலுங்கில் இது முடிகிறது. தமிழில் ஏன் முடியாது?

இந்த ஒரு கேள்விதான் தமிழ் நாடகத்தைப் புரட்டிப் போட்டது. கிருஷ்ணமாசார்லு சென்னைக்கு வந்திராவிட்டால் தாம் நாடகம் பக்கமே போயிருக்க மாட்டோம் என்ற கருத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ் நாடகத் தந்தை என்று நாம் கொண்டாடுகிறவருக்குக் கண் திறந்தது வேறொரு மொழி. இதைச் சொல்வதில் தமிழனுக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டு விளக்கில் நம் வீட்டுத் திரியைப் பற்ற வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

1891 ஜூலை 1. ஏழு இளைஞர்கள் கூடினார்கள். சுகுண விலாச சபை பிறந்தது. பெயர் வைத்தாயிற்று, சந்தா பேசியாயிற்று, ஆர்வத்துக்கும் பஞ்சம் இல்லை.

நாடகம் எங்கே?

✦

இருந்தன நாடகங்கள். ஆனால் இவர்கள் கேட்ட மாதிரி இல்லை. அன்றைய கம்பெனி நாடகத்தில் பாட்டுக்குத்தான் முதல் மரியாதை. ராஜபார்ட் நல்ல குரல்வளம் உள்ளவரானால் கதை அங்கேயே நின்றுவிடும்; ஒரு பாட்டை மூன்று தரம் பாடுவார், சனம் நாலாவது தரம் கேட்கும். வசனத்தில் பாதி அந்தந்த இரவில் நடிகர் வாயில் பிறப்பது. இரவு சாப்பாடு முடிந்து ஆரம்பித்தால் கோழி கூவும்வரை நடக்கும். அதிலும் மகா கலைஞர்கள் இருந்தார்கள். தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனியைப் பம்மலே மெச்சியிருக்கிறார்.

ஆனால் எழுதி வைத்த வசனம், அதை வரிக்கு வரி பாடம் பண்ணிக்கொண்டு வரும் நடிகர், வாரக்கணக்கில் ஒத்திகை, குறித்த நேரத்தில் தூக்கி குறித்த நேரத்தில் இறக்கும் படுதா இவையெல்லாம் சேர்ந்த ஒரு தமிழ் நாடகம் இவர்கள் கைக்குக் கிடைக்கவில்லை. ஆகவே சம்பந்தம் தாமே எழுத உட்கார்ந்தார். 1893-இல் 'புஷ்பவல்லி' மேடை ஏறியது. கற்றுக்குட்டிகளின் முயற்சிதான். எதை எழுதக்கூடாது என்பதை அதில்தான் படித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இரண்டே வருஷத்தில், 1895-இல், 'லீலாவதி சுலோசனா'வும் 'மனோகரா'வும் வந்துவிட்டன.

மனோகராவை நம்மில் பலர் 1954-ஆம் வருஷப் படமாக, சிவாஜி கணேசனின் குரலாக, கலைஞரின் வசனமாகத்தான் அறிவோம். அந்தக் கதைக்கு எலும்பும் சதையும் கொடுத்தவர் இருபத்திரண்டு வயது சம்பந்தம். அரசன் புருஷோத்தமன், வசந்தசேனை என்ற ஆசைநாயகியின் மயக்கத்தில் கிடக்கிறான். பட்டத்து ராணி பத்மாவதி ஒதுக்கப்பட்டிருக்கிறாள். மகன் மனோகரனுக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆனால் பொறு என்று தாய் கட்டளையிட்டிருக்கிறாள். பிள்ளை பொறுக்கிறான். அவனைச் சங்கிலியால் பிணைத்துச் சபையில் நிறுத்துகிறார்கள், அப்போதும் பொறுக்கிறான். தாயின் கற்பைப் பற்றிப் பேச்சு வருகிறது...

அந்தக் காட்சிக்காகவே நாடகம் அறுபது வருஷம் ஓடியது. சபையில் மனோகரனாகச் சங்கிலியை அறுத்தவர் எழுதியவரேதான். அதில் பாட்டுக்கு வேலை இல்லை. பேச்சிலேயே அரங்கம் எழுந்து நின்றது. தமிழ் உரைநடைக்கு மேடையில் அவ்வளவு பலம் உண்டு என்று அதற்கு முன்னால் யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு சிக்கல். கதாநாயகன் கிடைத்துவிட்டான். கதாநாயகி? நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடை ஏறும் காலம் இல்லை. ஸ்திரீ பார்ட்டுக்கு ஆண்தான் வர வேண்டும். கம்பெனியில் பாய்ஸ் இருந்தார்கள். சபையிலோ அத்தனை பேரும் கௌரவமான மனிதர்கள். புடவை கட்டி, கொண்டை வைத்து, மையிட்டு, ஊரே பார்க்கிற மேடையில் நாணி நிற்க எந்தக் கௌரவமான மனிதன் வருவான்?

✦

வந்தார். ரங்கவடிவேலு. அவரும் சட்டம் படித்து வக்கீலானவர்.

1895 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் சம்பந்தத்தின் நாயகனுக்கு நாயகி அவர்தான். யோசித்துப் பாருங்கள்: கட்சிக்காரர்கள் பார்க்கிறார்கள், நீதிபதிகள் பார்க்கிறார்கள், நேற்று எதிர்த்தரப்பில் வாதாடிய வக்கீலும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் எதிரில் நாயகியாக நடந்து வந்து, பக்கத்திரையைத் தாண்டிய இரண்டாவது நொடியில் தாம் யார் என்பதை அவர்கள் மறக்கும்படி செய்ய வேண்டும். அதற்குத் துணிச்சல் மட்டும் போதாது. பெண்ணின் குரலை, நடையை, கோபத்தை மரியாதையோடு கவனித்து வாங்கிக்கொண்ட மனம் வேண்டும். அடி அண்ணாமலையில் உட்கார்ந்து இதை எழுதும்போது எனக்கு மணிவாசகர்தான் கண்முன் வருகிறார்.

பம்மலின் நினைவுகளில் வேறு யாரைப் பற்றியும் இல்லாத ஒரு நெகிழ்ச்சி ரங்கவடிவேலுவைப் பற்றிய பக்கங்களில் உண்டு. இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே அத்தியாயத்தில் மறுபடி வருவார். நல்ல செய்தியோடு அல்ல.

✦

ஜோடி அமைந்தது. அரங்கம் அமைந்தது, 1902 முதல் விக்டோரியா பொது மண்டபமே சபையின் இருப்பிடம் ஆயிற்று. இனி சம்பந்தத்தின் பழைய காதலுக்கு வருவோம். ஷேக்ஸ்பியர்.

ஹாம்லெட்டைத் தமிழ் பேச வைக்க முடியுமா? படிக்கிறதற்காக மொழிபெயர்த்து அச்சுப்போட்டவர்கள் இருந்தார்கள். பம்மலுக்கு வேண்டியது அது இல்லை. வாயில் நிற்க வேண்டும். மூச்சு எங்கே வாங்குவது என்று வாக்கியமே சொல்ல வேண்டும். கடைசி வரிசைக்காரனுக்குக் கேட்க வேண்டும், கேட்ட அந்தக் கணத்திலேயே விளங்க வேண்டும். நடிகனாக இருந்த மொழிபெயர்ப்பாளர் என்பதுதான் அவருடைய தனிப்பலம். நாளைக்கு அதே வரியைத் தாமே மேடையில் சொல்ல வேண்டும் என்றால் எவரும் பொய்யான வாக்கியம் எழுத மாட்டார்.

ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். மாக்பெத் 'மகபதி'. சிம்பலின் 'சிம்ஹளநாதன்'. வெனிஸ் நகரத்து வணிகன் 'வாணீபுரத்து வணிகன்'. மூலத்தின் ஓசை காதில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் பெயர் நம் ஊர்ப் பெயராகிவிடும்.

பெயர் மாற்றுவது எளிது. கதை? ஹாம்லெட்டின் தாய் விதவையான கையோடு கணவனின் தம்பியை மணந்துகொள்கிறாள். மேலைநாட்டுச் சபைக்கே அது கசப்பு. விதவை மறுமணம் என்றாலே கலவரம் நடந்துகொண்டிருந்த சென்னையில், மேடைமேல் ஒரு ராணி அப்படிச் செய்தால் அரங்கத்தின் வயிறு கலங்கியிருக்கும். ஆனால் அந்தக் கலக்கம்தானே ஹாம்லெட்டின் வியாதி! மகனுக்கு என்ன நேர்ந்தது என்று தமிழ்ப் பார்வையாளனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. அவனுக்கும் அதேதான் நேர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று, மயானக் காட்சி. குழி வெட்டுகிறவர்கள் மண்டை ஓட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டே தத்துவம் பேசுகிறார்கள். மேலைநாட்டு விமர்சகர்கள் அந்தக் காட்சியில் சிரிப்பும் சாவும் கலந்திருப்பதைக் கண்டு வெகுகாலம் சங்கடப்பட்டார்கள். அரிச்சந்திரனின் மயான காண்டம் பார்த்து வளர்ந்த தமிழனுக்கு அதில் சங்கடம் ஏது? ராஜாவே வெட்டியானாக நின்று, தன் பிள்ளையின் பிணத்துக்குத் தன் மனைவியிடமே வாய்க்கரிசியும் முழத்துண்டும் கேட்ட சுடுகாடு நம்முடையது. ஷேக்ஸ்பியர் நமக்கு அந்நியர் என்று நினைத்தவர்கள் தெருக்கூத்தைப் பார்க்காதவர்கள்.

பம்மல் அந்த அரிச்சந்திரனையும் சும்மா விடவில்லை. வாய் தவறியும் உண்மை பேசாத ஒரு ராஜாவை வைத்து, அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாகக் கவிழ்த்து 'சந்திரஹரி' எழுதினார். எஜமான், வேலைக்காரன் இருவருக்கும் ஒரே பெயர் வைத்து 'சபாபதி' எழுதினார். 1941-இல் ஏவி.எம். எடுத்த படத்தில் டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் அடித்த கூத்தை இன்றைக்கும் தொலைக்காட்சியில் போட்டால் வீட்டில் யாரும் எழுந்து போவதில்லை. மோலியேரின் பிரெஞ்சு நகைச்சுவையைக் 'காளப்பன் கள்ளத்தனம்' ஆக்கினார். காளிதாசனின் மாளவிகாக்னிமித்திரத்தையும் சகுந்தலையையும் கொண்டுவந்தார். எல்லாம் சேர்த்து எண்பதுக்கு மேற்பட்ட நாடகங்கள். அத்தனையும் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். சில நாடகங்கள் அந்த மாதத்துத் தேவைக்கு எழுதியவை, அந்த மாதத்தோடு முடிந்தவை. ஆனால் இரண்டு கண்டத்து நாடகத்தை ஒரு தமிழ்ச் சபையின் ஒத்திகை அறைக்குக் கொண்டுவந்து சேர்த்த கை அது.

✦

சபை தமிழோடு நிற்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி, ஆங்கிலம். சத்தியமூர்த்தி, சி.பி. ராமசாமி ஐயர், ஆர்.கே. சண்முகம் செட்டியார் போன்ற பெயர்கள் சபையின் ஏட்டில் இருந்தன. காங்கிரஸ் மேடையில் முழங்கிய சத்தியமூர்த்தி அதற்கு முன்பே நாடக மேடையில் குரலைப் பழக்கியவர்.

இந்தப் பல பாஷைக் கூடத்தில் ஒரு நாள் இன்னொரு பெல்லாரி வக்கீல் வந்து நின்றார். கிருஷ்ணமாசார்லுவின் மருமகன், சகோதரியின் பிள்ளை. 1880-இல் பிறந்தவர். பெல்லாரி ராகவாச்சாரி, ஆந்திரம் அவரை வெறுமனே ராகவா என்றது. மாமன் ஏற்றிய விளக்கில் சம்பந்தம் திரி பற்ற வைத்தார். இப்போது மருமகன் அதே சபையில்! தெலுங்கில் நடித்தார், கன்னடத்தில் நடித்தார், ஆங்கிலத்தில் ஒதெல்லோவாக நின்றார், இந்தியில் கபீராக நடித்துக் காந்தியடிகளின் பாராட்டை வாங்கினார். 1928-இல் ஐரோப்பாவுக்குப் போய் பெர்னார்ட் ஷாவைச் சந்தித்தார். பெண் வேஷத்தைப் பெண்ணே ஏற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, குடும்பப் பெண்களை மேடைக்கு அழைத்து வந்தார். அதற்காக வசவும் வாங்கினார். ரங்கவடிவேலுவின் கலையை மதித்துக்கொண்டே, அந்தக் கலைக்கான தேவையை ஒழிக்கவும் பாடுபட்ட காலம் அது. நாடக வரலாற்றில் இப்படி இரண்டு நியாயங்கள் நேருக்கு நேர் நிற்கிற இடங்கள்தான் என்னை மறுபடி மறுபடி இழுக்கின்றன.

சபை கடல் தாண்டி இலங்கைக்கும் போனது. பம்மலின் நடிப்பைப் பார்த்து அவரையே குருவாக வரித்துக்கொண்ட யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம், அங்கே லங்கா சுபோத விலாச சபையை வளர்த்தார். சபையின் பெயரிலேயே பரம்பரை தெரிகிறது.

✦

கடைசியில் வருகிறேன் என்று சொன்ன அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டேன்.

படித்தவர்கள் நாடகத்தை ஏற்றார்கள். கௌரவம் வந்தது. வந்த கௌரவம் மண்டபத்துக்கு வந்தது, களரிக்கு வரவில்லை. விக்டோரியா மண்டபத்தில் அரிதாரம் பூசியவர் 'ஆக்டர்' ஆனார். செய்யாற்றுப் பக்கத்துக் கிராமத்தில் பூசியவர் கூத்தாடியாகவே இருந்தார். ஷேக்ஸ்பியரை இவ்வளவு அன்போடு வாங்கிக்கொண்ட நம் மேடை, திரௌபதி அம்மன் கோயில் வாசலில் நடந்ததை வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. பம்மலின் கையில் கூத்தும் சேர்ந்திருந்தால் தமிழ் நாடகம் இன்னும் அரை நூற்றாண்டு முன்னாலேயே தன் கால்களை முழுசாக ஊன்றியிருக்கும்.

அந்தக் கணக்கு எங்கள் மாவட்டத்தில்தான் தீர்ந்தது. செய்யாறு அருகே புரிசை என்ற ஊர். தலைமுறை தலைமுறையாகத் தம்பிரான் குடும்பம் கூத்தாடி வரும் ஊர். 1970-களில் சென்னையில் அவர்களுடைய கூத்தைப் பார்த்தார் ந. முத்துசாமி. சிறுகதையும் நாடகமும் எழுதிக்கொண்டிருந்த நவீன எழுத்தாளர். 1891-இல் சம்பந்தத்துக்குத் தெலுங்கு மேடை என்ன செய்ததோ, அதைக் கூத்து முத்துசாமிக்குச் செய்தது. திசை மட்டும் நேர் எதிர். அவர் 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் சென்னை நடிகர்களுக்கு ஆசான் ஆனார். அந்தக் குடும்பம் பிறகு பிரெக்டின் வெள்ளை வட்டக் கதையையும், மார்க்கெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையையும் கூத்தாகவே ஆடிக் காட்டியது. கட்டியங்காரன் வந்து கதை சொல்ல, கொலம்பியாவின் கிழவன் தமிழ்க் களரியில் இறங்கினான். பம்மல் ஷேக்ஸ்பியருக்குச் செய்ததை, பம்மல் ஒதுக்கிய கலை உலகத்துக்கே செய்தது.

✦

மறுபடி 1923-க்கு வாருங்கள்.

ரங்கவடிவேலு இறந்துபோனார்.

சம்பந்தத்துக்கு ஐம்பது வயது. சபை இருந்தது, நாடகங்கள் இருந்தன, வேஷப் பெட்டி இருந்தது. எதிரில் நிற்க வேண்டியவர் இல்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரே கண்களைப் பார்த்து வசனம் சொல்லிப் பழகியவர், இன்னொரு முகத்தைப் பார்த்து அதே வசனத்தைச் சொல்வது எப்படி? நினைவுகளில் அந்த இடத்தை எழுதும்போது அவருடைய வழக்கமான நிதானம் குலைந்துவிடுகிறது.

அடுத்த வருஷம் வேறோர் அழைப்பு வந்தது. 1924-இல் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டின் நீதிபதி ஆனார். மேடையில் ராஜாவாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர் இப்போது நிஜமான ஆசனத்தில் உட்கார்ந்து, சின்னக் கடன்களுக்கும் வாடகை வழக்குகளுக்கும் தீர்ப்புச் சொன்னார். 1928-இல் ஓய்வு. ஐம்பத்தைந்து வயது. இனி சிவாலயங்களைச் சுற்றிப் பார்த்துப் புத்தகம் எழுதிக்கொண்டிருப்பார் என்று ஊர் நினைத்திருக்கலாம். அதையும் செய்யத்தான் செய்தார்.

ஆனால் 1931 அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் ஒரு படம் திரையிட்டார்கள். பெயர் 'காளிதாஸ்'. படம் பேசியது! கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். சுகுண விலாச சபையின் பல பாஷைகளும் ஒரே வெள்ளைத் துணியில் கலந்து வந்து நின்ற மாதிரி. சனம் அலைமோதியது. நாடக அரங்குகளின் வயிற்றில் புளி கரைந்தது.

அந்தப் படத்தில் ஒரு சின்ன வேஷத்தில் இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் வந்து போனார். அன்று அவரை யாரும் கவனிக்கவில்லை. இருபத்து மூன்று வருஷம் கழித்து மனோகரனின் சங்கிலி அவர் கைக்குத்தான் போய்ச் சேரப் போகிறது. யார் அவர்?

அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி. அறுபதைத் தாண்டிய சம்பந்த முதலியார், ஓய்வுபெற்ற நீதிபதி, மீண்டும் அரிதாரம் பூசினார், இம்முறை கேமராவுக்காக. 1936-இல் 'மனோகரா' முதல் தடவையாகப் படமானபோது அவரும் அதில் நடித்தார். மேடையில் மனோகரனாகவே வாழ்ந்தவருக்கு அங்கே கிடைத்த வேஷம் மனோகரன் இல்லை. எதிரில் சங்கிலியோடு நிற்கும் இளைஞனைப் பார்த்து அவர் எந்த ஆசனத்தில் உட்கார்ந்து, யாராகப் பேசினார்?

(அடுத்த வாரம்)